மரத்திலும் உலோகத்திலும் இறைமொழி: ஒரு வரலாற்றுப் பார்வை

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள ஏனாத்தூருக்கு அண்மையில் நாம் செல்ல நேர்ந்தது. காஞ்சியில் புதிதாக வீடு கட்டிக் குடிபுக இருந்த அன்பர் ஒருவர், தலைவாசலுக்கு எதிர்ச்சுவரில் பொருத்துவதற்கென மரப்பலகை ஒன்றை அவ்வூர்ப் பக்கத்துத் தச்சுக்கூடத்தில் செய்யக் கொடுத்திருந்தார். தேக்குப் பலகையில் 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்னும் திருவசனத்தைக் குடைந்து, அந்தக் குடைவில் பித்தளையைப் பதித்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. "நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டால் மனம் நிம்மதியாகும், ஹஜ்ரத்" என்று அன்பர் கேட்டுக்கொண்டதால் உடன் சென்றோம்.

தச்சர் முதியவர். கோயில் வாகனங்களும் கதவுகளும் செய்து பழகிய குடும்பத்தினர். அரபு எழுத்து ஒன்றும் அறியாதவர். ஆயினும் அன்பர் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அவர் குடைந்திருந்த வளைவுகள் கண்ணை நிறைத்தன. உளி எங்கும் தடுமாறவில்லை. மரத்துக்கும் பித்தளைக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளிகூட இல்லை. பாராட்டிக்கொண்டே வலமிருந்து இடமாகப் படித்து வந்த நாம், கடைசிச் சொல்லில் நின்றுவிட்டோம்.

பிஸ்மில்லாஹ்வில் எழுத்துகள் பத்தொன்பது, புள்ளிகள் நான்கே. 'பா'வுக்குக் கீழே ஒன்று, 'நூன்' மேல் ஒன்று, 'யா'வுக்குக் கீழே இரண்டு. அந்தப் பலகையில் ஐந்து புள்ளிகள் இருந்தன. இறுதிச் சொல்லின் 'ஹா'வுக்குக் கீழே இடம் வெறுமையாகத் தெரிந்ததால், அழகுக்காக அங்கே ஒரு பித்தளைக் குமிழைத் தச்சர் பதித்துவிட்டார். அரபு அறிந்தோர்க்கு அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. 'ஹா' அந்தப் புள்ளியால் 'ஜீம்' ஆகிவிடும். 'அர்ரஹீம்' என்பது 'அர்ரஜீம்' ஆகிவிடும். நிகரிலா அன்புடையோன் என்னும் இறைத்திருநாமம் இருக்க வேண்டிய இடத்தில், விரட்டப்பட்டவன் எனச் ஷைத்தானைக் குறிக்கும் சொல் நின்றது.

மெல்ல எடுத்துச் சொன்னோம். பெரியவர் திடுக்கிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியாமப் போச்சு பாய்" என்றார். உடனே குமிழைப் பெயர்த்து, அதே தேக்கில் சிறு ஆப்பு ஒன்றைச் சீவி, இழையோட்டம் பொருந்துமாறு திருப்பி, வச்சிரம் தடவி அடித்து, காய்ந்தபின் இழைத்து மெருகிட்டார். பிழை இருந்த சுவடே தெரியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. இந்தப் பிழை யாருடையது? எழுத்தறியாமல் இழைத்த கையினுடையதா? எழுத்தறிந்தும் அந்தப் பட்டறைப் பக்கமே போகாதிருந்த நம்மைப் போன்றோருடையதா? மரத்திலும் உலோகத்திலும் இறைமொழியைப் பொறிக்கும் கலையின் வரலாற்றை இக்கேள்வியை முன்வைத்துத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலகை என்னும் சொல்

அரபியில் பலகைக்கு 'லவ்ஹு' என்று பெயர். இந்த ஒரு சொல் திருமறையில் ஏறி நிற்கும் இடங்கள் சிந்தனைக்குரியவை. இறைமறை காக்கப்பட்டிருக்கும் ஏடு 'லவ்ஹுல் மஹ்ஃபூழ்' என 85ஆம் அத்தியாயத்தின் இறுதி வசனம் கூறும். மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட கட்டளைகள் 'அல்வாஹ்' எனும் பலகைகளில் இருந்தன என 7ஆம் அத்தியாயம் கூறும். நூஹு (அலை) அவர்களின் கப்பலைக் கப்பல் என்று சொல்லாமல், பலகைகளும் ஆணிகளும் உடையது என்றே 54ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் சுட்டும். மரமும் இரும்பும் கூடி மனித குலத்தைக் கரை சேர்த்த செய்தியை அந்த இரண்டே சொற்கள் ஏந்தி நிற்கின்றன.

நம் ஊர்களின் பழைய ஓதும் பள்ளிகளில் பிள்ளைகள் அலிஃப், பே எழுதிப் பழகியதும் மரப்பலகையில்தான். எழுதுவது, ஓதுவது, கழுவுவது, மீண்டும் எழுதுவது என்பது அன்றைய பாடமுறை. திருக்குர்ஆனை ஏந்தும் ரெஹலும் மரமே. ஒரே பலகையை நடுவில் பிளந்து, ஆணியோ ஒட்டோ இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து விரியுமாறு செய்யும் அந்த வேலைப்பாடு, தச்சுக் கலையின் நுட்பத்துக்கு நல்ல சான்று. ஜும்ஆ மேடையில் கதீபின் கையில் மோதினார் கொடுக்கும் அஸாவும் மரமே. வாழ்வின் முதற்பாடத்திலிருந்து வாராந்திர வணக்கம் வரை மரம் இறைமொழிக்குத் துணையாகவே வந்திருக்கிறது.

உலோகத்துக்கும் அவ்வாறே சிறப்பு உண்டு. 57ஆம் அத்தியாயம் இரும்பின் பெயரையே (அல்ஹதீத்) தாங்கியது. இரும்பில் கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் உள்ளன என அது உரைக்கிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை இளகச் செய்த இறைவன், கவச வளையங்களை அளவறிந்து கோக்குமாறும் பணித்தான் என 34ஆம் அத்தியாயம் கூறுகிறது. வலிமையைத் தந்தவன் அளவையும் சேர்த்தே கற்பித்தான் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்னும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆக, இவ்விரு தொழில்களும் நபிமார்களின் கைபட்ட தொழில்கள்.

மதீனாவின் மிம்பர்

மஸ்ஜிதுந் நபவியின் தொடக்க நிலை யாவரும் அறிந்ததே. பச்சைச் செங்கற் சுவர், ஈச்ச மட்டைக் கூரை, ஈச்ச மரத்தூண்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓர் ஈச்ச மரத்தண்டில் சாய்ந்து உரையாற்றி வந்தார்கள். பின்னர் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம் ஆளனுப்பி, அவருடைய தச்சரைக் கொண்டு தாம் அமர்ந்து பேசுவதற்கான மேடை ஒன்றைச் செய்து தருமாறு கேட்டார்கள். மதீனாவை அடுத்த அல்காபாவில் வளர்ந்த 'அஸ்ல்' மரத்தால் அது செய்யப்பட்டது. புதிய மேடையில் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறியபோது, கைவிடப்பட்ட ஈச்சந்தண்டு அழுததும், அன்னார் இறங்கி வந்து அதன்மீது கைவைத்துத் தேற்றியதும் புகாரியில் வருகின்றன.

இந்நிகழ்வை அற்புதங்களின் வரிசையில் வைத்துச் சொல்வது நம் வழக்கம். அதில் தொழில் வரலாறும் இருக்கிறது. சமுதாயத்தின் தலைவர், தமக்கு எது தேவை, எதற்காகத் தேவை என்பதைத் தச்சருக்குச் சொல்லி அனுப்பினார்கள். உரிய மரம் தெரிவாயிற்று. வேலை முடிந்ததும் அன்னாரே அதன்மீது ஏறி நின்று தொழுது காட்டி, மக்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகவே அவ்வாறு செய்ததாக விளக்கினார்கள். செய்யச் சொன்னவர்க்கும் செய்தவர்க்கும் செய்பொருளுக்கும் இடையே அறிவின் தொடர்பு அறுபடாமல் இருந்தது.

உஸ்மான் (ரலி) அவர்கள் பள்ளியை விரிவாக்கியபோது செதுக்கு வேலை செய்த கற்களால் சுவரும் தூணும் எழுப்பி, 'ஸாஜ்' மரத்தால் கூரை வேய்ந்தார்கள் என இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. ஸாஜ் என்பது தேக்கு. அது அரபு மண்ணில் விளையாத மரம். இந்தியக் கரைகளிலிருந்து கப்பலேறி அங்கே சென்ற சரக்கு. பாரசீக வளைகுடாவின் ஸீராஃப் துறைமுகத்து வீடுகள் தேக்கால் கட்டப்பட்டிருந்ததாக 10ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர்கள் எழுதியுள்ளனர்.

துனீசியாவின் கைரவான் நகர்ப் பெரிய பள்ளியில் கி.பி. 862 அளவில் வைக்கப்பட்ட மிம்பர் இன்றும் உள்ளது. உலகில் எஞ்சியுள்ள மிம்பர்களில் மிகப் பழையது அதுவே. முந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்குப் பலகைகளைக் கோத்துச் செய்த அந்த மேடையின் மரம் தேக்கு. கொடியும் இலையும் கோலமும் அதன் பக்கங்களை நிறைத்துள்ளன. தென்னிந்தியாவின் தேக்கும் மஃரிபின் உளியும் சந்தித்த வரலாற்றை நினைக்கும்போது, ஏனாத்தூர்த் தச்சர் கையிலிருந்த பலகை நமக்கு அயலானதாகத் தோன்றவில்லை.

புள்ளியின் கதை

தொடக்கக் கால முஸ்ஹஃபுகளில் இன்று நாம் காணும் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் முறையாக இடப்படவில்லை. ஓதுதல் நெஞ்சில் இருந்தது. எழுத்து அதற்கு நினைவூட்டியாக இருந்தது. அரபு அறியாத மக்கள் பெருந்திரளாக இஸ்லாத்தில் இணைந்தபோது பிழைகள் தலைகாட்டின. உயிரொலிகளைக் குறிக்க வண்ணப் புள்ளிகளை இட்டவர் அபுல் அஸ்வத் அத்துஅலீ (இறப்பு ஹிஜ்ரி 69). ஒரே உருவமுடைய எழுத்துகளைப் புள்ளிகளால் பிரித்துக் காட்டும் முறையை நிலைநாட்டியவர்கள் என நஸ்ரு இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் ஆகியோரைக் குறிப்பிடுவர். பின்னர் கலீல் இப்னு அஹ்மத் இன்றைய உயிர்க்குறிகளை வகுத்தார். 'ஹா'வையும் 'ஜீமை'யும் பிரிக்கும் அந்த ஒற்றைப் புள்ளி, அறியாதவர்கள் தவறிவிடக் கூடாதே என்னும் கவலையில் பிறந்தது.

எழுத்தணிக் கலைக்கு இலக்கணம் வகுத்த இப்னு முக்லா (இறப்பு கி.பி. 940) புள்ளிக்கு மற்றொரு பணியையும் கொடுத்தார். நாணற்பேனாவின் நுனியைத் தாளில் அழுத்தி எடுத்தால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருக்கு அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, 'பா'வின் நீளம் இத்தனை புள்ளி என எல்லா எழுத்தும் அதனால் அளக்கப்பட்டன. நம் நாட்டுச் சிற்பிகள் அங்குலமும் தாலமும் கொண்டு உருவத்தை அளப்பதுபோல் இது அமைந்தது. அப்பாஸியக் கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராக இருந்த இப்னு முக்லா அரசியல் சூழ்ச்சியில் வலக்கையை இழந்தார். அதன்பின்னும் எழுத முயன்றார் என்பர். அவர் வழியை இப்னுல் பவ்வாபும் (இறப்பு 1022), யாகூத் அல்முஸ்தஃஸிமீயும் (இறப்பு 1298) செம்மைப்படுத்தினர்.

இந்த அளவு முறைதான் எழுத்தை மரத்துக்கும் உலோகத்துக்கும் கொண்டுசென்றது. அளவு உறுதியாகிவிட்டால், எழுதுபவர் தாளில் வரைந்ததைச் செதுக்குபவர் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பொறிக்கலாம். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தச்சுத் தொழிலுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளார். நேர்த்தியான தச்சுக்கு வடிவியல் அறிவு இன்றியமையாதது என்பது அவர் கருத்து. கிரேக்க வடிவியல் மேதை யூக்ளிட் தச்சராகவும் இருந்தார் என்ற செய்தியை இதற்குச் சான்றாகத் தருகிறார். உளியும் கணிதமும் ஒரு கையில் சேர்ந்திருந்த உலகம் அது.

செம்பும் பித்தளையும்

சுவரில் உலோகத்தால் எழுதும் வழக்கம் மிகப் பழையது. அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 72இல் (கி.பி. 691-92) எருசலேமில் எழுப்பிய குப்பத்துஸ் ஸக்ராவின் உள்ளே வண்ணச் சில்லுகளால் ஆன நீண்ட எழுத்துவரிசை ஓடுகிறது. அதன் கிழக்கு, வடக்கு வாயில்களின் மேல் இறைவசனங்கள் பொறித்த செப்புத் தகடுகளும் பொருத்தப்பட்டிருந்தன. வாயிலுக்கு மேலே உலோகத்தில் இறைமொழியை வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு நாம் அறிந்த தொன்மையான சான்றுகளுள் அவை அடங்கும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் மோசுல் நகரக் கைவினைஞர்கள் பித்தளையில் வெள்ளி பதிக்கும் கலையில் புகழ்பெற்றனர். 1232ஆம் ஆண்டு ஷுஜாஉ இப்னு மன்ஆ என்பவர் செய்த பித்தளைக் கூசா ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் அதில் அவர் பொறித்துள்ளார். செய்தவர் பெயரைச் சமுதாயம் மதித்த காலத்தின் சாட்சியம் அது.

இந்தியாவில் இக்கலை பல ஊர்களில் வேரூன்றியது. கர்நாடகத்தின் பீதரில் துத்தநாகமும் செம்பும் கலந்த வார்ப்பில் வெள்ளிக் கம்பி பதித்து, பழங்கோட்டை மண்ணைக் கொண்டு கருமையேற்றும் பித்ரி வேலை இன்றும் நடக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் மைன்புரியில் 'தார்கஷீ' எனும் வேலைப்பாடு உண்டு. 'தார்' என்றால் கம்பி. மரத்தில் கூரிய உளியால் நூலளவு பள்ளம் கீறி, தட்டையான பித்தளைக் கம்பியை அதில் நிறுத்தி, சிறு சுத்தியால் தட்டி இறுக்கி, மரமும் உலோகமும் ஒரே மட்டமாகும்வரை தேய்த்து எண்ணெயிடுவர். கம்பியைத் தாங்கிப் பிடிப்பது பள்ளத்தின் நெருக்கம்தான். தமிழகத்தில் சரபோஜி மன்னர் காலத்தில் தோன்றியதாகக் கூறப்படும் தஞ்சாவூர்க் கலைத்தட்டும், செம்பின்மேல் வெள்ளி உருவைப் பொருத்தும் இவ்வகைக் கூட்டுவேலையே.

காஞ்சி மக்களுக்கு உலோகத்தால் எழுதும் மற்றொரு முறையை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளிக் கம்பியைப் பட்டிழையில் சுற்றிப் பொன் முலாம் ஏற்றினால் சரிகை. உலகின் மிகப் புனிதமான சுவரை அணிசெய்வதும் அத்தகைய இழைதான். கஃபாவின் கிஸ்வா கரும்பட்டு; அதன் மேற்பகுதியைச் சுற்றிவரும் பட்டையில் திருவசனங்கள் பொன் முலாமிட்ட வெள்ளிக் கம்பியால் தைக்கப்படுகின்றன. எகிப்திலிருந்து கிஸ்வா வருவது நின்றபோது, மன்னர் அப்துல் அஸீஸ் 1927இல் மக்காவிலேயே அதற்கான தொழிற்கூடத்தை அமைத்தார். அங்கே முதலில் தறியில் அமர்ந்தவர்கள் இந்தியாவிலிருந்து அழைக்கப்பட்ட நெசவாளர்கள்.

சட்ட அறிஞர்களின் எச்சரிக்கை

இக்கலையைப் பேசும்போது ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்தைத் தள்ளிவைத்துவிட முடியாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹிஜ்ரி 676) தம் 'அத்திப்யான்' நூலில், சுவர்களிலும் ஆடைகளிலும் திருக்குர்ஆன் வசனங்களையும் இறைநாமங்களையும் பொறிப்பது ஷாஃபிஈ மத்ஹபின்படி மக்ரூஹ் என எழுதியுள்ளார்கள். பள்ளியின் கிப்லாப் பக்கம் எழுதுவதில் குற்றமில்லை என்னும் தாபியீ அறிஞர் அதாஉ (ரஹ்) அவர்களின் கருத்தையும் அங்கேயே பதிவுசெய்துள்ளார்கள். ஹனஃபீ மத்ஹபின் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்களும் மிஹ்ராபிலும் சுவரிலும் நாணயத்திலும் எழுதுவதை வெறுத்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்கள் பள்ளியைக் கட்டச் சொன்னபோது, மக்களை மழையிலிருந்து காப்பது போதும். சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களின் கவனத்தைக் குலைக்க வேண்டாம் என எச்சரித்ததும் புகாரியில் உண்டு.

அவ்வாறாயின் இவ்வளவு நாம் சொல்லி வந்த கலை முழுவதும் தவறா? சட்ட அறிஞர்கள் கூறும் காரணங்களைப் பார்க்க வேண்டும். சுவர் இடிந்தால் திருநாமம் காலடியில் விழும், புழுதி படியும், தொழுவோரின் கவனம் சிதறும். இறைமொழியின் கண்ணியம் குறைந்துவிடுமோ என்பதே அவர்களுடைய அச்சம். மிம்பரின் உச்சியிலும் வாயிலின் நெற்றியிலும் கை படாத உயரத்தில் எழுத்தை வைத்த கைவினைஞர்களும், தொழும் கண்ணுக்கு நேரே கொடியையும் கோலத்தையும் மட்டும் செதுக்கியவர்களும் அந்தக் கண்ணியத்தைத் தம் வழியில் பேணவே முயன்றனர். எச்சரிக்கையை மதிப்பவர் எழுதாமலே விடலாம். எழுதத் துணிந்தவர் இடம், தூய்மை, பிழையின்மை ஆகிய மூன்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். மூன்றாவது பொறுப்பு அரபு அறிந்தவர் உடனிருந்தாலன்றி நிறைவேறாது.

நம் மண்ணில்

தமிழக முஸ்லிம்களின் பழம்பெரும் மரவேலைகளும் உலோக வேலைகளும் மிகுதியாக எஞ்சவில்லை. கரையானும் உப்புக் காற்றும் ஒருபுறம். பழையதைப் பெயர்த்துப் பளிங்கும் ஓடும் பதிக்கும் நம் ஆர்வம் மறுபுறம். கல் மட்டுமே நின்று பேசுகிறது. திருச்சிராப்பள்ளிக் கோட்டை இரயில் நிலையத்தை அடுத்த சிறு கல்பள்ளி ஹிஜ்ரி 116ஐக் குறிக்கும் அரபுக் கல்வெட்டைத் தாங்கி நிற்கிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் கல்தச்சர்கள், கோயில் மண்டபத் தூண்களைச் செய்த அதே கைகளால், உருவங்களை விட்டுப் பூவும் கொடியும் மட்டும் செதுக்கிப் பள்ளிவாசல்களை எழுப்பினர். நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாரைக் கட்டித்தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அங்கே மரக்கதவுகள் வெள்ளித் தகடு போர்த்தி நிற்கின்றன.

காஞ்சியிலும் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் எழுந்த பள்ளிவாசல் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அருகில் உள்ளது. வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அருகிலுள்ள பள்ளிக்கும் அக்கோயிலுக்கும் குளம் ஒன்றே. இப்படிக் கலந்து வாழ்ந்த ஊர்களில், நம் பள்ளிக்கும் வீட்டுக்கும் உளி பிடித்த கை பெரும்பாலும் பிற சமயத்தவருடையதாகவே இருந்துள்ளது. அதில் குறையேதும் இல்லை. குறை எங்கே நேர்கிறது என்பதைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் நமக்கு உணர்த்தும்.

1795இல் எழுந்த அப்பள்ளி மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டப்பட்டது என்பர். அதன் மிஹ்ராபில் கட்டட ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுள் ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதை இயற்றியவர் நவாபிடம் பணிபுரிந்த ராஜா மக்கன்லால் கிரத் என்னும் இந்து அறிஞர். ஆண்டைக் குறிக்க அவர் தேர்ந்துகொண்ட தொடர் 'திக்ருல்லாஹி அக்பர்'. இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது என்னும் பொருளுடைய இத்தொடர் 29ஆம் அத்தியாயத்தின் 45ஆம் வசனத்தில் வருவது. அப்ஜத் கணக்கின்படி 'திக்ர்' 920, 'அல்லாஹ்' 66, 'அக்பர்' 223, கூட்டினால் 1209. பள்ளி கட்டப்பட்ட ஹிஜ்ரி ஆண்டு அதுவே. ஓர் எழுத்து மாறினாலும் கணக்குப் பிழைத்துவிடும். மாற்றுச் சமயத்தவர் ஒருவர் நம் மொழியை அத்துணை ஆழமாகக் கற்றிருந்தார். கற்றவரின் சொல் செதுக்குபவரின் உளிக்குப் போகும் வழி அன்று திறந்திருந்தது. ஏனாத்தூர்ப் பெரியவருக்கு அந்த வழியை நாம் திறந்து வைக்கவில்லை. தாளைக் கொடுத்தோம், பொருளைச் சொல்லவில்லை.

அக்ஸா தரும் பாடம்

அந்தத் தொடர்பு அறுந்தால் என்னாகும் என்பதற்கு நம் காலத்திலேயே பெரும் சான்று உண்டு. சுல்தான் நூருத்தீன் ஸங்கீ, பைத்துல் முகத்தஸ் மீட்கப்படும் நாளை எதிர்பார்த்து 1168-69இல் அலெப்போவில் ஒரு மிம்பரைச் செய்வித்தார். அந்த நாளைக் காண அவர் உயிரோடில்லை. 1187இல் நகரை மீட்ட ஸலாஹுத்தீன் அய்யூபி அதை வரவழைத்து மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவினார். ஆயிரக்கணக்கான சிறு மரத்துண்டுகள் ஆணியோ பசையோ இன்றி ஒன்றையொன்று கவ்வி நின்ற மேடை அது. அதைச் செய்த தச்சர்களின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன.

1969 ஆகஸ்ட் 21ஆம் நாள் ஆஸ்திரேலியர் ஒருவர் வைத்த தீயில் அந்த மிம்பர் அழிந்தது. அதேபோல் ஒன்றைச் செய்ய முனைந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: பழைய ஒளிப்படங்கள் இருந்தன, எஞ்சிய சில துண்டுகள் இருந்தன, கோலங்களின் கணிதமும் கோக்கும் முறையும் அறிந்தவர்கள் கிடைப்பது அரிதாயிற்று. ஜோர்தானின் அல்பல்கா பல்கலைக்கழகத்தில் இதற்கெனக் கல்விக்கூடமே அமைத்து, வடிவியல் வல்லுநர்களும் எழுத்தணிக் கலைஞர்களும் தச்சர்களும் ஓரிடத்தில் கூடி உழைத்தனர். புதிய மிம்பர் 2007இல்தான் அக்ஸாவில் நிறுவப்பட்டது. எரிந்தது ஒரே நாளில். மீளச் செய்ய ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின. மரம் கிடைத்தது. மரத்தைப் பேசவைக்கும் அறிவைத் திரட்டுவதே கடினமாயிற்று.

நம் கடமை

இன்று கணினி வழி இயங்கும் குடைவு இயந்திரங்களும் உலோகத்தை வெட்டும் லேசர் கருவிகளும் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. ஆயத்துல் குர்ஸீயும் நான்கு குல்களும் மரத்திலும் எஃகிலும் பித்தளையிலும் அங்காடிகளில் தொங்குகின்றன. இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் கையால் செய்யும் தச்சரிடம் நேரும் பிழை ஒரு பலகையோடு நின்றுவிடும்; இயந்திரத்துக்குக் கொடுக்கும் மாதிரியில் நேரும் பிழை நூறு வீடுகளுக்குப் போகும். தச்சரிடம் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆப்புச் சீவுவார்.

ஏனாத்தூரிலிருந்து திரும்பிய அன்றிரவு, நம் வீட்டு முன்னறையில் தொங்கும் பித்தளைத் தகடு நினைவுக்கு வந்தது. பல்லாண்டுகளுக்கு முன் பொருட்காட்சி ஒன்றில் வாங்கிய ஆயத்துல் குர்ஸீ. அதைக் கடந்து செல்லாத நாளில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வாழ்வில் முதன்முறையாக எழுத்து எழுத்தாகப் படித்தோம். நடுவில் ஒரு சொல்லே விடுபட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் அரபு கற்பித்த நாம், நம் சுவரில் இருந்ததைப் படிக்கவே இல்லை. பிழை யாருடையது என்னும் கேள்விக்கு விடை வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

தகட்டைக் கழற்றித் தூய துணியில் சுற்றி எடுத்துச் சென்று, நம் கண்முன்னேயே உருக்கித் தருமாறு கன்னார் ஒருவரிடம் கேட்டோம். எழுத்துகள் இளகிக் கலந்து வெறும் பித்தளையாகும்வரை உடனிருந்தோம்.

அரபுக் கல்லூரிகளில் 'கத்து' எனும் எழுத்தணிப் பாடத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மாணவர்களைத் தச்சுக்கூடங்களுக்கும் பட்டறைகளுக்கும் அழைத்துச் சென்று, தாளில் உள்ளது மரத்தில் எவ்வாறு இறங்குகிறது என்பதைக் காட்ட வேண்டும். ஜமாஅத்துகள் பள்ளியைப் புதுப்பிக்குமுன், பழைய மிம்பர், கதவு, உத்தரம், விளக்கு ஆகியவற்றைப் படமெடுத்துக் குறித்து வைக்க வேண்டும். அதில் எழுத்து இருந்தால் ஆலிம் ஒருவர் படித்து எழுதிவைக்க வேண்டும். வீட்டில் பலகை மாட்ட விரும்புவோர், செய்யும் முன் வரைவையும், செய்து முடித்தபின் பொருளையும் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். ஆலிம்கள் அதற்காக அழைக்கப்படும் வரை காத்திராமல் தாமே கேட்டுச் செல்வது இன்னும் சிறப்பு.

காஞ்சி அன்பரின் வீட்டுக் குடிபுகுதலுக்கு நாம் சென்றிருந்தோம். தேக்கில் பதிந்த பித்தளை காலை வெயிலில் மின்னியது. தச்சப் பெரியவரும் அழைப்பின் பேரில் வந்து, கைகட்டி ஓரமாக நின்றிருந்தார். அன்பரின் சிறு பேத்தியை அருகழைத்து, புள்ளிகள் எத்தனை என்று எண்ணச் சொன்னோம். அவள் விரல்விட்டு எண்ணி, "நாலு" என்றாள். பெரியவரின் முகம் மலர்ந்தது.

கைகளுக்கு நேர்த்தியையும், கற்றோருக்குக் கவனத்தையும், இரு சாராருக்கும் ஒருவரையொருவர் நாடும் பண்பையும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.